700 மணி நேரத்தில் புகை தள்ளிய மாஸி 135: ஒரு இன்ஜின் வேலையின் முழு விவரம்

முழுசாக இன்ஜின் வேலை பார்த்த ஒரு டிராக்டர் வெறும் 700 மணி நேரம் ஓடியதும் மறுபடி ஆயில் குடிக்க ஆரம்பித்தால், அதைத் திரும்பவும் அதே மாதிரி பிரித்து அதே மாதிரி பூட்டி அனுப்புவதில் என்ன இருக்கிறது? வண்டிக்காரர் இதைக் கேட்கவில்லை. "ரிங் செட்டு மட்டும் மாத்திக் குடுத்துடுங்க, போதும்" என்றுதான் சொன்னார் (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி உட்கார்ந்து சிலிண்டரை அடைக்கும் வளையம்). நான்தான் எனக்குள் கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதைதான் இது. நடுவில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் அந்தத் தப்புதான் இன்ஜினைக் காப்பாற்றியது.

வண்டி மாஸி ஃபெர்குசன் 135. 1964 கடைசியில் வெளிவந்த மாடல். உள்ளே இருப்பது பெர்கின்ஸ் ஏடி3.152. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: 3 சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது சுமார் 2.5 லிட்டர். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 3.6 அங்குலம் (91.44 மி.மீ.), ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 5 அங்குலம் (127 மி.மீ.). டைரக்ட் இன்ஜெக்‌ஷன், சி.ஏ.வி. கம்பெனியின் ரோட்டரி டீசல் பம்ப், ஃபயரிங் ஆர்டர் 1-2-3. பிளாக்குக்குள் அழுத்தி ஏற்றும் ட்ரை லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை உறை, தண்ணீர் நேரே படாதது), கிராங்க் என்ற சுழல் தண்டைத் தாங்கும் நாலு மெயின் பேரிங். எளிமையான இன்ஜின், பொறுமையான இன்ஜின். ஒழுங்காகக் கவனித்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் சத்தம் போடாமல் உழைக்கும். 700 மணி நேரத்தில் அது படுத்துவிட்டது என்றால் ஏதோ ஒன்று அதை உள்ளேயிருந்து அரித்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

வந்தபோது இருந்த நிலை

காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் சுற்ற வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) இருக்கும் தெர்மோஸ்டார்ட் என்ற ஹீட்டரை இரண்டு தரம் சூடாக்கினால்தான் பிடிக்கும். பிடித்ததும் வெள்ளைப் புகை, சூடானதும் நீலப் புகை. 8 மணி நேர உழவுக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. இன்ஜினின் அடிப்பகுதிக் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வாயில் கையை வைத்தால் புஸ் புஸ் என்று காற்று அடிக்கிறது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கேயும் அதே. இழுவை பாதிக்குமேல் போய்விட்டது என்றார் வண்டிக்காரர்.

இதற்கு முன்னால் வேறு இடத்தில் டீசலைத் தெளிக்கும் நாசில் மூன்றையும் மாற்றியிருக்கிறார்கள், பம்பை இறக்கிக் காலிபரேஷன் செய்திருக்கிறார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பலிக்காதுதான். பிரீதரில் இத்தனை காற்று அடிக்கும் இன்ஜினுக்கு நாசில் மாற்றுவது, ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்குகிற மாதிரி.

பிரிப்பதற்கு முன்னால் கம்ப்ரஷன் பார்த்தேன். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளையில் டீசல் கேஜைப் பூட்டி, முழு சார்ஜ் பேட்டரியில் சுற்றியபோது முதல் சிலிண்டர் 17 பார், இரண்டாவது 20, மூன்றாவது 21. நல்ல நிலையில் இருக்கும் இந்த மாதிரி இன்ஜினில் 25க்கு மேலே எதிர்பார்ப்பேன். அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், மூன்றுமே 25ஐத் தாண்டின. டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் மிகவும் குறைவு, விட்ட ஆயிலே அதில் கொஞ்சத்தை அடைத்துக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும், அதனால் அந்த இரண்டாவது எண்ணை அப்படியே நம்பக் கூடாது. போகும் திசையை மட்டும் பார்க்க வேண்டும். ஆயில் விட்டதும் இப்படி ஏறினால் கசிவு வால்வில் இல்லை, ரிங்கிலும் லைனரிலும்தான்.

பிரித்தது

இந்த டிராக்டருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. இன்ஜினே முதுகெலும்பு. முன்னால் ஆக்ஸில் தாங்கி இன்ஜினில் பூட்டியிருக்கும், பின்னால் கியர்பாக்ஸ் இன்ஜினில் பூட்டியிருக்கும். ஹெட்டையும் (சிலிண்டர்களின் மேல்மூடி) சம்ப்பையும் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறக்கி வண்டியிலேயே வைத்து பிஸ்டனை மேல்வழியாக எடுத்து ரிங் மாற்றலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு கிராங்கையும் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் வண்டியை இரண்டாகப் பிரித்தேன். அதற்கு முன்னால் முன் ஆக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தாக வேண்டும். ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடுவது, ஆப்பு இல்லாமல் பிரித்தால் முன்பாதி அப்படியே பக்கவாட்டில் சாயும், அதன் கீழே ஆள் இருக்கக் கூடாது. கியர்பாக்ஸுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகாதீர்கள்.

ஹெட்டைத் தூக்கியதும் லைனரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் மாட்டிக்கொண்டது. டாப் ரிங் திரும்பும் இடத்துக்கு மேலே ரிங் படாத பகுதி தேயாமல் நிற்கும், கீழே தேய்ந்திருக்கும், அந்த இரண்டுக்கும் நடுவில் உண்டாகும் படிதான் அது. 700 மணி நேரத்தில் நகம் மாட்டும் படி விழக் கூடாது.

மேனிஃபோல்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். விரலில் ஒட்டி வந்தது கரி இல்லை. வெளிறிய பழுப்பில், மாவு மாதிரி, விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. அந்த நிமிஷமே பாதி விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்த்ததை அளந்து உறுதி செய்யாமல் முடிவு கட்டக் கூடாது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்.

அளவுகள் சொன்ன கதை

லைனர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க நான் மேனுவல் அளவை முதலில் எடுப்பதில்லை, முந்தைய வேலையில் எந்த அளவுக்குப் போர் செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும். லைனரின் அடியில், ரிங் எட்டாத இடத்தில், உள்விட்டம் அளக்கும் போர் கேஜை வைத்து அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வேன். அதே கேஜை மேலே கொண்டுவந்தால் ஊசி காட்டுவதுதான் தேய்மானம். மூன்று உயரத்தில், ஒவ்வொரு உயரத்திலும் கிராங்க் போகும் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று.

டாப் ரிங் திரும்பும் இடத்தில் முதல் சிலிண்டர் 0.27 மி.மீ., இரண்டாவது 0.24, மூன்றாவது 0.22. ரிங் ஓட்டத்தின் கீழ்முனையில் மூன்றிலுமே 0.04க்குள்தான். அதாவது மேலே மட்டும் வாய் அகன்ற புனல் மாதிரி தேய்ந்திருக்கிறது.

அடுத்து ரிங். பழைய டாப் ரிங்கைக் கழற்றி, லைனரின் தேயாத அடிப்பகுதியில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வாய் இடைவெளியில் விட்டேன். 1.2 மி.மீ. புது ரிங்கில் 0.4 வாக்கில் இருந்திருக்கும். தேயாத இடத்தில் வைத்து அளப்பதால் இந்த 0.8 கூடுதல் முழுக்க ரிங்கின் சொந்தத் தேய்மானம். வாய் 0.8 திறக்க வேண்டுமென்றால் ரிங்கின் முகம் சுற்றிலும் சுமார் 0.13 மி.மீ. தேய்ந்திருக்க வேண்டும் (0.8ஐ 6.28ஆல் வகுத்தால் வருவது). இனி அதே ரிங் சிலிண்டரின் மேல்பக்கம் போகும்போது, அங்கே விட்டம் 0.27 கூட, அதை 3.14ஆல் பெருக்கினால் இன்னொரு 0.85. ஆக, எரியும் நேரத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் அந்த இடத்தில் டாப் ரிங்கின் வாய் 2 மி.மீ.க்குத் திறந்து கிடந்திருக்கிறது. பிரீதரில் அடித்த காற்றுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த அளவு. லைனரிலிருந்து ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங்கை அதே அடிப்பகுதியில் வைத்துப் பார்த்தால் வாய் வெறும் 0.6. டாப் ரிங் செத்துப்போயிருக்கிறது, ஆயில் ரிங் இன்னும் நன்றாக இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இன்ஜினுக்குள் தூசி வர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று காற்றோடு மேலேயிருந்து, இன்னொன்று ஆயிலோடு கீழேயிருந்து. காற்றோடு வந்தால் முதலில் அடி வாங்குவது டாப் ரிங், லைனரின் மேல்பகுதி, இன்டேக் வால்வு. ஆயிலோடு வந்தால் ஆயில் ரிங், பிஸ்டன் பாவாடை, பேரிங் எல்லாம் முதலில் போகும். கெட்ட பொருளைப் பார்த்து மட்டும் காரணம் சொல்ல முடியாது, கெடாமல் இருக்கும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியே மற்றதையும் பார்த்தேன். டாப் ரிங்கின் முகத்தில் பளபளப்பே இல்லை, சாம்பல் நிறத்தில் மங்கி, மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள். இன்டேக் வால்வைக் கைடுக்குள் (வால்வின் தண்டு ஓடும் குழல்) விட்டு ஆட்டினால் தளதளவென்று ஆடுகிறது, எக்ஸாஸ்ட் வால்வு பரவாயில்லை. வழக்கமாக எக்ஸாஸ்ட் பக்கம்தான் முதலில் தேயும், இங்கே தலைகீழ். வால்வு வந்து உட்காரும் இன்டேக் சீட் மூன்றும் கண்ணாடி மாதிரி பளபளத்து உள்ளே இறங்கியிருந்தன. மெயின் பேரிங், பிக் எண்ட் (பிஸ்டன் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனை) பேரிங் ஷெல்களோ ஒரே சீரான சாம்பல் நிறத்தில், தாமிரம் எங்கும் தெரியாமல், ஒன்றிரண்டு மெல்லிய கீறலோடு நல்ல பிள்ளைகளாக இருந்தன.

சரி, காற்று வரும் வழியில் எங்கோ ஓட்டை.

ஓட்டையைத் தேடியது

135இல் ஆயில் பாத் ஏர் கிளீனர் மூக்குப் பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். அங்கிருந்து காற்றுக் குழாய் ரேடியேட்டரைத் தாண்டி இன்ஜினின் மேனிஃபோல்டுக்கு வர வேண்டும். வழியில் இரும்புக் குழாய், ரப்பர் ஓஸ், கிளாம்ப் என்று பல இணைப்புகள். ஏர் கிளீனருக்குப் பிறகு இருக்கும் இந்தத் தூரம் முழுக்க இன்ஜின் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, அதனால் இதில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று வடிகட்டாமல் நேரே உள்ளே போகும். ஆயில் வெளியே கசிந்தால் கறை தெரியும், தண்ணீர் கசிந்தால் சொட்டும், காற்று உள்ளே கசிந்தால் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. அது போதாதென்று ஃபேன் வேறு முன்பக்கத்துத் தூசியையெல்லாம் இழுத்து பானட்டுக்குள் அடிக்கிறது.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்கு: நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், 1,800 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 900 தரம் 2.5 லிட்டர், அதாவது 2,250 லிட்டர், மணிக்கு 135 கன மீட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்று கழித்தாலும் மணிக்கு 100 கன மீட்டருக்குமேல். உழும்போது எழும் புழுதியில் இருக்கும் மணல் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. 700 மணி நேரத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் எல்போவை (வளைந்த ஓஸ்) மேலேயிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. கழற்றி உள்வெளியாக மடக்கியதும் அடிப்பக்கம் கிளாம்ப் ஓரத்தில் ஒன்றரை விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. விரிசலின் உள்பக்கம் பூராவும் அதே பழுப்பு மாவு. முந்தைய வேலையில் ரிங், பிஸ்டன், பேரிங் என்று எல்லாம் புதுசு போட்டவர்கள் இந்த எல்போவைத் துடைத்து அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். யார் என்பது இங்கே தேவையில்லை. வண்டிக்காரரைக் கூப்பிட்டு அதை மடக்கிக் காட்டினேன். "இதுக்காங்க இவ்வளவும்?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

புது எல்போ, புது கிளாம்ப் எடுத்து வைத்தேன். காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகிவிட்டேன். இந்த நிம்மதியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எதை மாற்றுவது, எதை விடுவது

லைனர், பிஸ்டன், ரிங் மாற்றியே ஆக வேண்டும், பேச்சே இல்லை. 0.27 தேய்ந்த லைனரில் புது ரிங்கைப் போட்டால் ரிங் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, சீக்கிரமே முறியும். ஹெட்டுக்கு இன்டேக் கைடு, சீட் வேலை. ஹெட்டைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்து விரிசல் பார்த்தோம், இல்லை.

கிராங்கில்தான் வாக்குவாதம். "எல்லாம் பிரிச்சாச்சு, கிராங்கையும் கிரைண்ட் பண்ணிடுங்க" என்றார் வண்டிக்காரர். பழைய ஷெல்களின் முதுகில் 010 என்று அடித்திருந்தது, அதாவது போன முறையே ஒரு சைஸ் (பத்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, 0.25 மி.மீ.) இறக்கியாகிவிட்டது. மைக்ரோமீட்டரில் கிராங்கில் பேரிங் உட்காரும் ஒவ்வொரு பின்னையும் நாலு திசையில் அளந்தேன், ஓவல் எங்கும் 0.01 மி.மீ.க்கு மேல் போகவில்லை. நன்றாக இருக்கும் கிராங்கில் இன்னொரு சைஸை வீணாக இறக்கினால் அடுத்த முறைக்கு ஒரு சைஸ் குறைந்துபோகும். பாலிஷ் மட்டும், அதே 010 சைஸில் புது ஷெல். பூட்டும்போது நசுங்கும் பிளாஸ்டிக் இழையை வைத்து இடைவெளி பார்த்ததில் பிக் எண்ட் மூன்றும் 0.06இலிருந்து 0.07க்குள் வந்தன, இரண்டே கால் அங்குலப் பின்னுக்கு அது சரியான அளவு.

பழைய லைனர்களை அடியிலிருந்து பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதுசை அழுத்தி, பிஸ்டனுக்கு ஏற்றபடி போர் செய்து ஹோன் போட்டு (கல்லால் உரசி மெல்லிய கோடுகள் போடுவது) வாங்கினோம். பட்டறை வேலை சுத்தமாகவே இருந்தது, ஹோன் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒழுங்காக விழுந்திருந்தன. ஆனால் அங்கிருந்து வரும் பிளாக் எப்போதுமே அழுக்குதான், அதைச் சுத்தம் செய்வது பூட்டுகிறவன் வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஹோன் போட்ட லைனரை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவினால் சுத்தமான மாதிரி தெரியும். ஆகாது. ஹோன் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும், டீசல் அதை ஈரமாக்குமே தவிர வெளியே கொண்டுவராது. சுடுதண்ணீர், துணி சோப்பு, கெட்டியான பிரஷ், வேறு வழியில்லை. முதல் தரம் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் ஆயிலைத் தொட்டு லைனரைத் துடைத்தேன், துணி சாம்பல் நிறமானது. இரண்டாவது தரம், இன்னும் சாம்பல். மூன்றாவது தரம் வெளிறிப்போய் ஒரு நிழல் மாதிரி. ஐந்தாவது தரம்தான் துணி போட்டபடியே வெள்ளையாக வந்தது. உடனே ஆயில் பூசிவிட வேண்டும், கால் மணி நேரம் தாமதித்தால் துரு மஞ்சளிக்க ஆரம்பிக்கும். பிளாக்கின் ஆயில் வழிகளில் இருக்கும் பிளக்குகளைக் கழற்றி நீள பிரஷ்ஷை விட்டு இழுத்தபோது இரும்புத் தூள் ஒரு சிட்டிகை வந்தது, கிராங்கின் துளைகளிலிருந்து பழைய கசடு வந்தது. தூசியால் செத்த இன்ஜினுக்கு நாமே தூசியை உள்ளே வைத்துப் பூட்டிக் கொடுக்கக் கூடாது.

பூட்டியது, கூடவே என் தப்பு

பிஸ்டன், ராடு எல்லாம் வழக்கம்போல. ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டரிலேயே வைத்து வாய் அளந்து, வாய்கள் ஒரே கோட்டில் வராமல் சுற்றி வைத்து இறக்கினேன். டைமிங் கியரில் புதியவர்களை மிரட்டும் ஒரு விஷயம் உண்டு: ஐட்லர் கியரின் (நடுவில் சுற்றி மற்ற கியர்களை இணைக்கும் கியர்) டைமிங் புள்ளிகளை எல்லாம் நேராக வைத்துப் பூட்டிவிட்டு, இன்ஜினை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தால் புள்ளிகள் சேராது. பதறிப்போய் மறுபடி கழற்றுவார்கள். ஐட்லரின் பல் எண்ணிக்கை அப்படி, பல சுற்று சுற்றினால்தான் எல்லாப் புள்ளியும் திரும்பச் சேரும். பூட்டும்போது சரியாக இருந்ததா என்பது மட்டும்தான் கணக்கு. டாப்பட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் இடைவெளி) குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ.

இனி என் தப்பு. இந்த இன்ஜினின் பின்பக்க கிராங்க் சீல், இப்போதைய ரப்பர் வளையம் இல்லை, கயிறு. இரண்டு அரைவட்ட ஹவுசிங், ஒவ்வொன்றின் பள்ளத்திலும் ஒரு துண்டுக் கயிற்றை வைத்து, உருண்டைக் கம்பியால் உருட்டி உருட்டி அமர வைக்க வேண்டும். இரண்டு முனையும் ஹவுசிங்கின் மட்டத்திலிருந்து 0.25 முதல் 0.5 மி.மீ. வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பாதியும் சேரும்போது கயிற்று முனைகள் ஒன்றையொன்று நெருக்கி அடைக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், மேல்பாதியில் ஒரு முனை கொஞ்சம் பிசிறாக இருக்கிறதே, நடுவில் மாட்டி ஹவுசிங் சேராமல் போய்விடுமோ என்று பிளேடால் மட்டமாக வெட்டிவிட்டேன். மட்டமாக என்று நினைத்தேன், அரை மில்லி உள்ளே போயிருக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றினேன், ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை. டீசல் லைனில் ஏர் எடுக்கும்போது தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் கை லீவர் வெறுமனே ஆடியது, உள்ளே கேம் மேட்டில் நின்றுகொண்டிருந்தால் அப்படித்தான், கிராங்கை ஒரு சுற்று திருப்பியதும் பிடித்தது. பம்பில் இருக்கும் இரண்டு ஏர் ஸ்க்ரூவையும் வரிசையாகத் திறந்து, குமிழ் நின்றதும் மூடி, கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி. கையருகில் ஒரு தட்டையான பலகை வைத்திருந்தேன்: புதிதாகப் பூட்டிய டீசல் இன்ஜின் ஏதோ காரணத்தால் கட்டுக்கு அடங்காமல் ஏறினால், காற்று வாயை அடைப்பதுதான் நம்பகமான வழி. தேவைப்படவில்லை. இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

வண்டிக்காரர் ஒரு நாள் முழுக்க மெதுவாக ஐட்லிங்கில் ஓடட்டும் என்றார். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் புது ரிங்குக்கு அது கெடுதல். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் போய்த்தான் அதை லைனரோடு அழுத்துகிறது, சுமையே இல்லாமல் சும்மா ஓடினால் ரிங் உட்காருவதற்குள் ஹோன் கோடுகள் ஆயிலில் மெழுகிப்போய்விடும். தண்ணீர் சூடானதும் ஹெட்டை மறுபடி டார்க் செய்து (நட்டுகளைக் குறிப்பிட்ட விசைக்கு முறுக்கி), டாப்பட் பார்த்து, அன்றைக்கே லேசான கலப்பை வேலைக்கு அனுப்பினேன்.

6 மணி நேரம் ஓடியிருக்கும். கிளச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளையும் அதில் ஒரு ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும், அதன் நுனியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. புது ஆயில், தேன் நிறத்தில். பார்த்ததுமே அந்த பிளேடுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது முறை

மறுபடி ஆப்பு, மறுபடி ஸ்டாண்ட், மறுபடி இரண்டாகப் பிரிப்பு. என் கூலி என் தலையில். பானட்டைத் தூக்கியாயிற்று, காற்றுக் குழாய் கண்ணெதிரில் இருக்கிறது, சரி, கழற்றிப் பார்த்துவிடுவோம் என்று கழற்றினேன். பூட்டும்போது ஒரு பழக்கத்துக்காக மேனிஃபோல்டு வாய்க்குச் சற்று முன்னால், குழாயின் உள்சுவரில் வெள்ளை கிரீஸை ஒரு விரல் அகலத்துக்குப் பூசியிருந்தேன். சுத்தமான காற்று போனால் அது வெள்ளையாகவே இருக்கும்.

கிரீஸில் பழுப்புப் புள்ளிகள். நிறைய இல்லை, எண்ணினால் முப்பது நாற்பது. ஆனால் 6 மணி நேரத்துக்கு ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது.

எல்போ புதுசு, கிளாம்ப் புதுசு. அப்போதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். ஏர் கிளீனர் பக்கம் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்திய ரப்பர் மூடியைப் போட்டு, மெதுவாக, வெறும் 0.2 பார் வரை காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனேன். எல்போவில் ஒன்றுமில்லை, கிளாம்ப்களில் ஒன்றுமில்லை. இரும்புக் குழாய் ஒரு தாங்கிப் பட்டையில் உட்காரும் இடத்தில், பட்டைக்கு அடியில், சின்னதாக, ஊசித்துளை அளவில் ஒரு குமிழ் வரிசை. பட்டையை எடுத்துப் பார்த்தால் பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. நகத்தால் சுரண்டியதும் பெயின்ட் பொடிந்து, அடியில் துருப்பிடித்து அரித்த மூன்று துளைகள். வண்டி ஓட ஓட அதிர்வில் குழாய் பட்டையில் உரசி, ஈரம் தங்கி, வருஷக்கணக்கில் அரித்திருக்கிறது. முந்தைய வேலையிலோ அதற்கு முன்னாலோ யாரோ மேலே அழகாக பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

எல்போவின் விரிசலைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தியது என் பிழை. கண்ணுக்குக் கிடைத்த முதல் காரணம் முழுக் காரணம் மாதிரியே தெரியும், அதுவும் அவ்வளவு பெரிதாக வாய் பிளந்து காட்டினால் கேட்கவே வேண்டாம். சீல் ஒழுகாமல் இருந்திருந்தால் இந்தக் குழாயை அடுத்த 700 மணி நேரத்துக்கு யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள்.

அரித்த பகுதியை வெட்டி எறிந்து புதுக் குழாய் துண்டு வைத்து வெல்டு செய்து, உள்பக்கம் வெல்டு பிசிறை நன்றாக ராவி, பட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் வைத்தேன். மறுபடி காற்று ஏற்றி சோப்பு, இந்த முறை மேனிஃபோல்டு கேஸ்கட்டிலிருந்து ஏர் கிளீனர் கழுத்துவரை ஒரு குமிழும் இல்லை. ஏர் கிளீனர் கிண்ணத்தின் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன், பழையது அமுங்கித் தட்டையாகியிருந்தது.

கயிற்று சீலுக்கு இந்தத் தடவை புதுக் கயிறு, முனைகளை ஃபீலர் கேஜ் தகட்டை மட்டத்தில் வைத்து அதற்கு மேலே வெட்டினேன், நாலு முனையும் 0.4 நீட்டல். கயிற்றின் உள்முகத்தில் கிராஃபைட் கிரீஸ் தடவி, ஹவுசிங்கைப் பூட்டிக் கிராங்கைக் கையால் சுற்றினால் கனமாக, ஒரே சீராக இறுக்கிப் பிடித்துச் சுற்றியது. முதல் தடவை லேசாகச் சுற்றியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

6 மணி நேரம் அந்த ஊசித்துளை வழியாகப் போன தூசி புது ரிங்கை என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஹெட்டை மறுபடி இறக்கவில்லை. ஆயிலையும் ஃபில்டரையும் மட்டும் உடனே மாற்றி, கம்ப்ரஷன் பார்த்து விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இப்போது

25 மணி நேரத்தில் ஹெட் டார்க், டாப்பட், ஆயில். 50 மணி நேரத்தில் கம்ப்ரஷன் 27, 27, 28. மூன்றுக்கும் நடுவில் வித்தியாசம் ஒன்றுக்குள்தான். காலையில் தெர்மோஸ்டார்ட் ஒரே தரம், அதுவும் குளிர் அதிகமான நாளில் மட்டும். பிரீதரில் லேசான மூச்சு. நீலப் புகை இல்லை. 50இலிருந்து 100 மணி நேரத்துக்குள் ஆயில் அரை லிட்டர்கூடக் குறையவில்லை. கிளச் ஹவுசிங் துளை காய்ந்து கிடக்கிறது.

100 மணி நேரத்தில் குழாயைக் கழற்றி கிரீஸைப் பார்த்தோம். இந்தத் தடவை வண்டிக்காரரே விரலை விட்டுத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரல் வெள்ளையாகத்தான் இருந்தது. பழசைத் துடைத்துப் புது கிரீஸ் பூசி மூடினேன், 250இல் மறுபடி திறக்க வேண்டும். டாப்பட் கவர் கேஸ்கட்டில் ஒரு மூலை இன்னும் லேசாக வியர்க்கிறது, அதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்.